பின்கட்டில் பிறந்த மரபணு

செந்தமிழ்ச்செல்வி கல்யாணத்துக்கு மறுக்கவில்லை. தேதிக்குத்தான் மறுத்தாள். இந்த வித்தியாசம் முகிலன் ஒருவனுக்குத்தான் புரிந்தது. மற்ற எல்லோருக்கும், அவனைப் பெற்றவள் உட்பட, பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்றே பட்டது. பிடிக்காதவனைப் பார்க்க எந்தப் பெண்ணாவது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நெல்லித்தோப்பிலிருந்து தேங்காய்த்திட்டுத் துறைமுகம் வரை வண்டி ஓட்டிப் போய், ஐஸ் கம்பெனி வாசலில், மீன் வாடையில், முக்கால் மணி நேரம் நிற்பாளா என்று யாரும் யோசிக்கவில்லை.

காரணம் வேறு. செல்வியின் தம்பி செம்மலுக்கு ஹீமோஃபிலியா. ரத்தம் சரியாக உறையாது. கட்டில் காலில் முட்டியை இடித்துக்கொண்டால்கூட உள்ளுக்குள் கசிந்து பலாக்காய் மாதிரி வீங்கிவிடும். பெரியாஸ்பத்திரிக்கு ஓடி ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் ஊசி போட்டால்தான் அடங்கும். தாய்மாமன் ஆதிமூலத்துக்கும் அதேதான் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அதற்கு வீட்டில் யாருக்கும் பெயர் தெரியாது. பத்தொன்பது வயதில் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொள்ளப் போனவர், ரத்தம் நிற்காமல் போய்ச் சேர்ந்தார். "ஆம்பளைங்களுக்குத்தான் வரும், ஆனா பொம்பளைங்க வழியா வரும்" என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த யாரோவைத் தாண்டி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

செல்வி வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்லி, எந்தக் கண்ணில் எவ்வளவு குறை என்று பத்து நிமிஷத்தில் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவாள். ஊர்க் கண்ணையெல்லாம் பார்த்துச் சொல்கிறவளுக்கு, தன் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கழுத்தை நீட்ட மனசு வரவில்லை.

"இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா? நான் கட்டிக்கறேன்," என்றான் முகிலன்.

"நீ கட்டிப்ப. அது எனக்குத் தெரியும். இருக்கா இல்லியான்னுதான் தெரியாது. தெரியாதத தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கட்டிக்கலாம்."

"எத்தினி நாள் ஆவும்?"

"ஒரு விஷயத்தக் கேட்டுத் தெரிஞ்சுக்க எத்தினி நாள் ஆவும்? ஒரு வாரம்."

அவள் மனசறிந்து பொய் சொல்லவில்லை. அப்போது அவள் மரபணு மையத்துக்குப் போயிருக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் போனில் தேடினாள். மூன்றாவது பக்கத்தில் அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஐந்தாவது பக்கத்தில் அதைப் பப்பாளி இலை தீர்க்கும் என்றும் தெரிந்தது. எச்சில் அனுப்பினால் வம்சத்தையே புட்டுவைப்பதாக விளம்பரம் செய்த கம்பெனிக்கு எச்சில் அனுப்பினாள். அவளுக்குப் புளிப்புப் பிடிக்கும் என்றும் தலைமைப் பண்பு உண்டு என்றும் வண்ணப்படத்தோடு பதில் வந்தது. அத்தைமார்களோ, சொந்தத்தில் கட்டினால்தான் இதெல்லாம் வரும், முகிலன் அந்நியம், அதனால் பயமே இல்லை என்று ஒரே குரலில் சொன்னார்கள். செம்மலின் அப்பாவும் அம்மாவும் ஒருவருக்கொருவர் சொந்தமே இல்லை என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அப்போதுதான் கடற்கரைப் பக்கம் அந்தப் பலகை கண்ணில் பட்டது. 'மரபணுத் தகவல் மற்றும் வழிகாட்டு மையம். நம்பகமான தகவல் மட்டும்.' தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என்று மூன்று மொழியில் எழுதியிருந்தார்கள். கதவு எந்த மொழியிலும் திறக்கவில்லை. பன்னிரண்டரைக்குச் சாத்தினால் மூன்றரைக்குத்தான் திறப்பார்களாம். வெள்ளைக்காரன் போய் எழுபது வருஷம் ஆனாலும் அவன் தூங்கப்போன நேரத்தை மட்டும் மையம் பத்திரமாகக் காப்பாற்றி வந்தது.

மூன்றரைக்குப் போனாள். மஞ்சள் சுவர், உயரமான கூரை, ஆள் உயர ஜன்னல். வாசல் கவுன்ட்டரில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சட்டையில் 'ஹேமலதா, டோக்கன் உதவியாளர் (தற்காலிகம்)' என்று அட்டை குத்தியிருந்தது. நாலாம் நம்பர் டோக்கனைக் கொடுத்தாள். கூடத்தில் ஈ, காக்கை இல்லை.

"முன்னாடி மூணு பேரு யாரு மேடம்?"

"ஒண்ணு டைரக்டரு. ரெண்டு சூப்பரின்டெண்ட். மூணு நானு," என்றாள் ஹேமலதா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "தினமும் காலையில மொதல்ல நாங்க எடுத்துக்கணும். இல்லாட்டி வருகைப் பதிவேடு பூஜ்யமா இருக்குமில்ல."

ஒரு கையேட்டையும் கொடுத்தாள். வழவழ தாள். 'பரம்பரை நோய் பற்றிய உங்கள் சந்தேகங்களுக்கு எட்டாம் பக்கம் பார்க்கவும்' என்று முதல் பக்கம் சொன்னது. எட்டாம் பக்கம், 'எங்கள் மையத்தை அணுகவும்' என்றது. இடையில் இருந்த ஆறு பக்கங்களிலும் இயக்குநர் டாக்டர் ஹரிகிருஷ்ணன் வெவ்வேறு பேருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்.

கூடத்தின் நடுவே ஒரு சுழல் நாற்காலி இருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. மேலே 'மரபணு ஆலோசகர்' என்று பெயர்ப்பலகை. செல்வி அதன் எதிரே போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருந்தாள்.

"அதுங்கிட்ட இன்னாம்மா பேசினு இருக்க?" என்று கேட்டபடி வந்தார் கண்காணிப்பாளர் கோவிந்தசாமி. நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் மூன்று பேனா.

"ஆலோசகர் எப்ப வருவாரு சார்?"

"நாற்காலி வந்துடுச்சு. ஆளு வரணும். ஃபைல் போயிருக்கு."

"எப்ப போச்சு?"

"நாலு வருஷம் ஆவுது. நல்லாப் போயினு இருக்கு."

செல்வி தன் கதையைச் சொன்னாள். தம்பி, மாமா, பல், ரத்தம், எல்லாம். கடைசியில் கேட்டாள்: "இது அம்மா வழியாத்தான் வருமா சார்? எனக்கும் வந்திருக்குமா?"

கவுன்ட்டரில் ஹேமலதா வாயைத் திறந்தாள். கோவிந்தசாமி திரும்பாமலே சொன்னார்: "ஹேமலதா, டோக்கன்." அவள் வாயை மூடிக்கொண்டு, யாரும் இல்லாத கூடத்துக்கு ஐந்தாம் நம்பர் டோக்கனைக் கிழித்து வைத்தாள்.

"தகவல் ஆலோசகருதான் சொல்லணும். அது சட்டம்," என்றார் கோவிந்தசாமி. "ஆனா ஆலோசகரு வந்த அன்னிக்கு உன் ஃபைலு ரெடியா இருக்கணுமா இல்லியா? அதுக்கு முதல்ல இதச் சொல்லு. உன் ஜீனு எந்த ஊரு?"

"நெல்லித்தோப்பு சார்."

"அது நீ. நான் கேட்டது ஜீனு."

செல்வி விழித்தாள். கோவிந்தசாமி பொறுமையாக விளக்கினார். இது புதுச்சேரி மக்களுக்காகப் புதுச்சேரி ஆரம்பித்த மையம். விழுப்புரத்து ஜீனும் கடலூர் ஜீனும் பஸ் ஏறி வந்து இங்கே சலுகை அனுபவித்தால் உள்ளூர் ஜீன்கள் எங்கே போகும்? அதனால் ஒவ்வொரு மனுதாரரும் தன் மரபணுவுக்குப் பூர்வீகச் சான்று, இருப்பிடச் சான்று இரண்டும் இணைக்க வேண்டும்.

"நான் இங்கதான் சார் பொறந்தேன். இங்கதான் படிச்சேன்."

"நீ பொறந்த. உன் ஜீனு உனக்கு முன்னாடியே பொறந்துடுச்சே. அப்பா ஊரு?"

"முதலியார்பேட்டை. மில்லுல இருந்தாரு. பேரு கிருஷ்ணசாமி."

"பாதி பிரச்சினை தீர்ந்துது. குடும்பத்துல யாராச்சும் சொல்தா உண்டா? பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கினவங்க?"

"இல்ல சார்."

"நல்லதாப் போச்சு. இருந்தா ஜீனுக்கு இரட்டைக் குடியுரிமை வந்துடும். தூதரகம் வரைக்கும் போவணும். அம்மா ஊரு?"

அங்கேதான் வந்தது வினை. அம்மா அஞ்சலாட்சியின் ஊர் விழுப்புரம் போகும் வழியில் மண்ணடிக்குப்பம். பாதி ஊர் புதுச்சேரி, பாதி ஊர் தமிழ்நாடு. பெட்ரோல் போடவும் பாட்டில் வாங்கவும் மட்டும், புதுச்சேரியில் விலை மலிவென்று, வடக்குத் தெருக்காரர்கள் தெற்குத் தெருவுக்கு வந்துவிட்டுப் போவார்கள். கோவிந்தசாமி மூன்றாவது பேனாவை எடுத்தார். மூன்றாவது பேனா சிவப்பு.

பத்து நாளில் அப்பா வழிக்கு மட்டும் சான்று வந்தது. 'மனுதாரரின் தந்தைவழி மரபணு புதுச்சேரியைப் பூர்வீகமாகக் கொண்டது எனவும், ஐந்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து இங்கேயே வசித்து வருகிறது எனவும், நன்னடத்தை உள்ளது எனவும் சான்றளிக்கப்படுகிறது.'

"ரத்தமே எடுக்கலியே சார்?"

"ரத்தம் எதுக்கு? ரேஷன் கார்டு இருக்குல்ல."

"சார், நோய் அம்மா வழியிலதான் இருக்கு. அப்பா வழியப் பாத்து என்ன ஆவப்போவுது?"

"எங்க அதிகாரத்துக்குட்பட்ட பாதிய நாங்க பாத்துட்டோம்," என்றார் கோவிந்தசாமி, மனசு நிறைந்து. "அதுல ஒரு குறையும் இல்ல. சந்தோஷப்படு."

அன்று ஐஸ் கம்பெனி வாசலில் முகிலன் அந்தச் சான்றை இரண்டு தரம் படித்தான். கையில் இருந்த ஐஸ் துண்டு உருகிச் சொட்டியது.

"பாதிதான் சரியாயிருக்குன்னா, பாதிக் கல்யாணம் பண்ணிக்கலாமா? தாலி மட்டும் கட்டிடறேன். சாப்பாடு அப்புறம் போடலாம்."

செல்வி சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண் கலங்கிவிட்டது. "கிண்டல் பண்ணாத முகிலு. நாளைக்கு ஒரு புள்ள பொறந்து, பல்லு முளைச்சு, விழுந்து, ரத்தம் நிக்கலன்னா? எங்கம்மா மாதிரி கையில துணிய வச்சு அமுக்கினு, ஏன்னே தெரியாம நிக்க என்னால முடியாது."

முகிலன் அதற்குப் பிறகு கிண்டல் செய்யவில்லை. மண்ணடிக்குப்பத்துக்கு நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னான்.

மண்ணடிக்குப்பம் கள ஆய்வுக்கு மையத்தின் ஜீப் வந்தது. மையம் தொடங்கிய நாளாக அது ஓடியது அன்றுதான். கோவிந்தசாமியோடு நில அளவைத் துறையிலிருந்து ஒருவர் சங்கிலியும் வரைபடமுமாக வந்தார். அஞ்சலாட்சியும் செல்வியும் முகிலனும் பின்னால் ஸ்கூட்டிகளில் போனார்கள். பழைய வீட்டின் சாவி ஒரு பங்காளியிடம் இருந்தது. நில அளவைக்காரர் தெருமுனைக் கல்லிலிருந்து சங்கிலி பிடித்து, வாசல் தாண்டி, கூடம் தாண்டி, ஆட்டுக்கல்லின் குழிக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தினார்.

"இதான் எல்லை. ஆட்டுக்கல்லுக்கு இந்தாண்ட புதுச்சேரி. அந்தாண்ட தமிழ்நாடு."

"அய்யய்யோ!" என்றாள் அஞ்சலாட்சி. "முப்பது வருஷமா ரெண்டு கவருமென்ட்டுலயும் மாவாட்டியிருக்கோமே!"

"நீங்க எந்தாண்ட பொறந்தீங்கம்மா?" என்று கேட்டார் கோவிந்தசாமி.

"பொறக்கறப்ப நான் பாக்கலீங்களே."

"ஞாபகப்படுத்திப் பாருங்க. அவசரமில்ல."

அஞ்சலாட்சி யோசித்தாள். அண்ணன் ஆதிமூலம் பிறந்தது முன்கட்டில். இரண்டு வருஷம் கழித்து அவள் பிறக்கும்போது ஐப்பசி மழை. முன்கட்டு ஒழுகியதால் அம்மாவைப் பின்கட்டில் படுக்கவைத்தார்கள் என்று சொல்லிக் கேள்வி. சொல்லிவிட்டு, சொன்னது நல்லதா கெட்டதா என்று எல்லோர் முகத்தையும் பார்த்தாள்.

கோவிந்தசாமி எழுதிக்கொண்டே வாசித்தார். "ஆதிமூலம். பிறப்பு, முன்கட்டு. ஜீனு, புதுச்சேரி. அஞ்சலாட்சி. பிறப்பு, பின்கட்டு. ஜீனு, தமிழ்நாடு." நிமிர்ந்து செல்வியைப் பார்த்தார். "உங்க மாமாவ நாளைக்கு ஆபீசுக்குக் கூட்டினு வந்துடும்மா. அவர வச்சு எல்லாத்தையும் முடிச்சிடலாம்."

"அவரு செத்து முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு சார்."

"ப்ச். அது ஒண்ணுதான் குறை."

முகிலனுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சார், அண்ணன் தங்கச்சி. ஒரே அம்மா வயித்துல பொறந்தவங்க. அதெப்படி சார் ஜீனு ரெண்டு மாநிலமாவும்?"

"வயிறு ஒண்ணுதாம்பா. நான் இல்லன்னு சொல்லல. ரூமு வேற."

இரு மாநிலக் கூட்டுக் குழு அமைக்கப் பரிந்துரைத்து ஆட்டுக்கல் மேல் வைத்தே கையெழுத்துப் போட்டார். ஜீப் கிளம்பிப் போனது. அஞ்சலாட்சி ஆட்டுக்கல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான்டி எம்புள்ளைக்குக் குடுத்துட்டேன். அன்னிக்கு மழ பெய்யாம இருந்து, முன்கட்டுல பொறந்திருந்தா..."

"அம்மா! முன்கட்டுல பொறந்தவருதானே மாமா? அவருதானே செத்தாரு?"

"ஆமால்ல," என்றாள் அஞ்சலாட்சி. அதற்கும் சேர்த்து அழுதாள்.

அடுத்த மாதம் மையத்தில் மரபணு விழிப்புணர்வு வாரம். புதன், வியாழன் என்று இரண்டு நாள். பயனாளி ஒருவர் மேடையில் இருக்க வேண்டும் என்பது விதி. நாலு வருஷத்தில் டோக்கன் வாங்கி, திரும்பவும் வந்த ஒரே ஆள் செல்விதான் என்பதால் அவளையே கூப்பிட்டார்கள். நேரே இயக்குநரையே கேட்டுவிடலாம் என்று அவளும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். செம்மல் முன்வரிசையில் முட்டிக் கட்டோடு உட்கார்ந்திருந்தான். கல்லூரி கடைசி வருஷம். அக்காவுக்குப் பொன்னாடை போர்த்துவதைப் பார்க்க வேண்டும் என்று ஊசி போட்ட கையோடு வந்திருந்தான்.

டாக்டர் ஹரிகிருஷ்ணன் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"இன்று மக்கள் மத்தியிலே எத்தனையோ தவறான தகவல்கள் உலவுகின்றன. எங்கள் மையம் தொடங்கி நான்கு ஆண்டுகள். இந்த நான்கு ஆண்டுகளில் இங்கிருந்து ஒரு தவறான தகவல், ஒரேயொரு தவறான தகவல், வெளியே போயிருக்கிறதா? சவால் விடுகிறேன்! போனதில்லை. எப்படி முடிந்தது? பலர் கேட்கிறார்கள். தகவலை வெளியே விட்டால்தானே அது தவறாகப் போகும்? தகவல் என்பது வயதுக்கு வந்த பெண் மாதிரி. தனியாக அனுப்பக் கூடாது."

கைதட்டல். கவுன்ட்டரில் இருந்த ஹேமலதா கைதட்டவில்லை. டோக்கன் கிழிக்கிறவர்கள் கைதட்டத் தேவையில்லை என்பதால் யாரும் அதைத் தவறாக எடுக்கவில்லை.

"பரிசோதனையைப் பற்றிக் கேட்கிறார்கள். பரிசோதனைக் கருவி வந்துவிட்டது. மிகவும் மென்மையான கருவி. தூசு ஆகாது. அதனால் கருவியைப் பரிசோதனையிலிருந்து பாதுகாத்து வருகிறோம்."

செல்விக்குப் பொன்னாடை போர்த்தி ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்கள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஐயா, என் தம்பிக்கு ஹீமோஃபிலியா. என் மாமா அதுலயே செத்துட்டாரு. எனக்கு வர்ற தையில கல்யாணம் பேசியிருக்காங்க. அந்த நோயோட ஜீனு என் உடம்புல இருக்கா இல்லியா, அத எப்படித் தெரிஞ்சுக்கறது? இது ஒண்ணச் சொல்லுங்க."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெகிழ்ந்துவிட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"எவ்வளவு அருமையான கேள்வி!" என்றார். "இப்படிக் கேள்வி கேட்கும் அளவுக்கு மக்களை உயர்த்தியிருக்கிறோமே, அதுதான் இந்த மையத்தின் சாதனை. இந்தக் கேள்விக்கு..."

செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"...இந்தக் கேள்விக்கு விழிப்புணர்வு வாரத்தின் முதல் பரிசை வழங்குகிறேன்."

பரிசு ஒரு சுவர்க்கடிகாரம். முள்ளுக்குப் பின்னால் இயக்குநரின் படம்.

"அக்கா," என்றான் செம்மல், வெளியே வந்ததும், "நீ சும்மா ரெண்டு கேள்வி சேத்துக் கேட்டிருந்தா வீட்டுக்கு ஒரு மிக்ஸியும் கிடைச்சிருக்கும்."

அவனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, கடிகாரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு செல்வி பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். இந்தப் புடவையோடு வண்டி ஓட்ட முடியாதென்று அன்று ஸ்கூட்டியை எடுத்து வரவில்லை. அழுகை வந்தது. அழவும் அலுப்பாக இருந்தது. பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ஹேமலதா. சட்டையிலிருந்து அட்டையைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மணி என்னம்மா?"

செல்வி கடிகாரத்தைப் பார்த்தாள். "அஞ்சு முப்பத்தஞ்சு."

"அப்ப சரி. ஆபீஸ் டைம்ல, ஆபீஸ் கட்டடத்துல, நான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க. இது பஸ் ஸ்டாப்பு. காலாப்பட்டு பஸ் வர இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. கேளுங்க."

"நீங்க...?"

"அந்த நாற்காலிக்குப் படிச்சவதான். ஜெனட்டிக் கவுன்சிலிங். ஆலோசகர் போஸ்ட்டு இன்னும் வரல, வர்ற வரைக்கும் டோக்கன் குடுன்னாங்க. உங்க வீட்டு விஷயம் உங்களுக்குச் சொல்லவா?"

அவள் டோக்கன் ஒன்றைத் திருப்பிப்போட்டு, அதன் முதுகில் இரண்டு கோடு போட்டாள்.

"எக்ஸ்னு ஒரு குரோமோசோம், பொம்பளைங்களுக்கு அது ரெண்டு இருக்கும். அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. ஆம்பளைங்களுக்கு எக்ஸ் ஒண்ணுதான், அது அம்மா குடுத்தது. ஹீமோஃபிலியாவ உண்டாக்கற ஜீனு மாற்றம் இருக்கறது எக்ஸ்ல. உங்க மாமாவுக்கும் இருந்து, தம்பிக்கும் இருக்குன்னா, உங்கம்மாவோட ரெண்டு எக்ஸ்ல ஒண்ணுல அது இருக்குன்னு வச்சுக்கலாம். அந்த ரெண்டுல எது உங்களுக்கு வந்துச்சு? சரிபாதி வாய்ப்பு. முன்கட்டு, பின்கட்டெல்லாம் கிடையாது. உங்கம்மா தப்பும் கிடையாது, யாரும் பொறுக்கி எடுத்துக் குடுக்கறதில்ல."

"அத எப்படி மேடம் தெரிஞ்சுக்கறது?"

"மொதல்ல தம்பி ரத்தத்துல எந்த இடத்துல மாற்றம்னு கண்டுபிடிக்கணும். அப்புறம் அதே இடத்துல உங்களுக்கு இருக்கான்னு பாக்கணும். இந்த வரிசைதான். சும்மா ரத்தம் உறையற அளவு மட்டும் பாத்துட்டு இல்லன்னு சொன்னா நம்பாதீங்க. அளவு சரியா இருந்தும் மாற்றம் இருக்கலாம். ஆனா அந்த அளவையும் பாத்து வச்சுக்குங்க. பொம்பளைங்களுக்கு ஒண்ணுமே ஆவாதுங்கறது தப்பு. சிலருக்கு மாசாமாசம் அதிகமாப் படும், பல்லு எடுத்தா, பிரசவம்னா ரத்தம் போவும். டாக்டருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்."

"எங்க போவணும்?"

"தம்பி ஊசி போட்டுக்கறாரே, அதே வார்டு. அந்த டாக்டர் எழுதிக் குடுத்தா ரத்தத்த எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்புவாங்க."

செல்வி கடிகாரத்தை மடியிலிருந்து நழுவவிட்டாள். ஆறு வருஷமாக மாதம் இரண்டு முறை அந்த வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். கேட்கத் தோன்றவில்லை. ஊசி போடும் இடத்தில் ஊசியைப் பற்றித்தான் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

"இருக்குன்னு வந்துட்டா?"

"இருந்தா, பையன் பொறந்தா பாதி வாய்ப்பு நோய் வர. பொண்ணுன்னா பாதி வாய்ப்பு உங்கள மாதிரி. நீங்க யாரக் கட்டிக்கிட்டாலும் கணக்கு அதேதான். அதுக்கும் வழியெல்லாம் இருக்கு, முன்கூட்டிப் பேசினா. இப்ப உங்க தம்பி காலேஜ் போறாருல்ல? உங்க மாமா காலம் இல்ல இது." காலாப்பட்டு பஸ் வந்து நின்றது. ஹேமலதா படியில் கால் வைத்துக்கொண்டே திரும்பினாள். "எட்டு நிமிஷம்தான் ஆச்சு. ரெண்டு மாசமா உங்களப் பாத்துப் பாத்தும் வாயத் தொறக்க முடியாம இருந்தேன்."

மறுநாளே பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். முதலில் செம்மலின் ரத்தம் என்றதும் அவன் கையை நீட்டி, "இந்த வீட்ல மொத தடவையா எனக்கு முதல் மரியாதை," என்றான். அவனுடைய முடிவு வர ஐந்து வாரம். அதன்பின் செல்வியுடையது வர மூன்று வாரம். மருத்துவர் உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். கேட்டதற்கெல்லாம் பதில் இருந்தது. தெரியாததைத் தெரியாது என்றார். செல்விக்கு அதுவே பெரிய அதிசயமாக இருந்தது.

அன்று கிழமை பார்க்காமல் தேங்காய்த்திட்டுக்குப் போனாள். முகிலன் ஐஸ் பாளத்தைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு வந்தான்.

"இருக்கு முகிலு."

அவன் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். ஐஸ் பிடித்த கை, ஜில்லென்று இருந்தது.

"பயமா இருக்கா?"

"போன வாரம் வரைக்கும் இருந்துச்சு. இப்ப எதுக்குப் பயப்படணும், எதுக்கு வேணாம்னு தெரியுது. டாக்டர் உன்னையும் கூட்டினு வரச் சொன்னாரு. புள்ளை விஷயமா ரெண்டு பேரும் சேந்து பேசணுமாம்."

"வரேன். தெரியாததத் தெரிஞ்சுக்கிட்டாச்சில்ல? இப்ப தேதி சொல்லு."

"தை மாசம், கடைசி முகூர்த்தம்," என்றாள் செல்வி. நாலு மாதமாக மனசுக்குள் வைத்திருந்த தேதி.

கதை இத்தோடு முடிந்திருக்கும். சந்தோஷத்தில் செல்வி ஒரு தப்புப் பண்ணிவிட்டாள். மையத்துக்கும் பத்திரிகை வைக்கப் போனாள். வெற்றிலைத் தட்டை நீட்டி, "எல்லாம் உங்க ஹேமலதா மேடம் சொல்லித்தான் சார் தெரிஞ்சுது," என்று கோவிந்தசாமியிடம் சொன்னாள்.

கோவிந்தசாமியின் கையிலிருந்த பாக்கு உருண்டு ஓடியது. "தெரிஞ்சுதா? எங்களாலயா?"

இயக்குநர் அறையில் அவசரக் கூட்டம் போட்டார்கள். மையத்திலிருந்து தகவல் கசிந்துவிட்டது. அதுவும் சரியான தகவல். நாலு வருஷத்துப் பெருமை ஒரே நாளில் போய்விடுமே! ஹேமலதாவுக்கு மெமோ. 'பதவி இல்லாத நிலையில் பதவிக்குரிய அறிவைப் பயன்படுத்தியது ஏன்?' வேலை போகும் என்று பேச்சு.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, கையில் நலங்கு மஞ்சளோடு செல்வி விசாரணைக்கு வந்து நின்றாள். ஹேமலதா ஓரமாக நின்றாள். அந்த நாற்காலி இன்னும் உறையோடு இருந்தது.

"உண்மையச் சொல்லும்மா," என்றார் இயக்குநர், வேர்த்து வழிய. "இந்த மையத்தில் உனக்கு ஏதாவது தகவல் தரப்பட்டதா?"

செல்வி யோசித்தாள். கையேடு, டோக்கன், சான்று, ஜீப், ஆட்டுக்கல், கடிகாரம். ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று தெரிந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"சத்தியமா இல்ல சார். இந்த மையத்துல எனக்கு ஒரு தகவலும் தரல. ஒரு வார்த்தகூட. எங்க வேணா எழுதிக் குடுக்கறேன்."

இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். அவர் கண்ணில் தண்ணீர். "இந்த ஒரு வார்த்தை போதும்மா. எழுதிக் கொடு. பெரிசா எழுது."

எழுதிக் கொடுத்தாள். மெமோ கிழிக்கப்பட்டது. ஹேமலதா பழையபடி கவுன்ட்டருக்குப் போனாள். காலையில் முதல் மூன்று டோக்கனையும் கிழித்து வைக்கிறாள். ஆனால் சாயங்காலம் ஐந்தரை ஆனால் காலாப்பட்டு பஸ் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் கையில் டோக்கனோடு வரிசையாக நிற்கிறார்கள். கண்டக்டருக்கும் பழகிவிட்டது. ஹேமலதா பேசி முடிக்கும் வரை விசில் கொடுப்பதில்லை.

செல்வி எழுதிக் கொடுத்ததை மையத்தில் சட்டம் போட்டு, கூடத்தின் நடுவே, நாற்காலிக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். அமைச்சர் யாராவது வந்தால் முதலில் அதைத்தான் காட்டுகிறார்கள்.

'இம்மையத்தில் எனக்கு எந்தத் தகவலும் தரப்படவில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இப்படிக்கு, செந்தமிழ்ச்செல்வி, பயனாளி.'